தாய்மாமன் போட வேண்டிய கையெழுத்து

(மதுரை விளாங்குடியில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்த ரத்தப் பரிசோதனை நிலையப் பணியாளர் சங்க ஆண்டு விழாவில், லேப் தர ஆலோசகர் நாகஜோதி ஆற்றிய உரை)

அவைக்குத் தலைமை ஏற்று, நான் எழுந்ததில் இருந்து அந்த மணியின் மேலேயே கையை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர், பெருமதிப்பிற்குரிய அண்ணன் மலையாண்டி அவர்களே! ரத்தத்தைக் கண்டு அஞ்சாதவர், மைக்கைக் கண்டு மட்டும் அஞ்சி, வரவேற்புரையை வணக்கத்தோடு முடித்துக்கொண்ட செயலாளர் தம்பி ராஜபாண்டி அவர்களே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து, பிடித்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் வீற்றிருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளின் வெள்ளைக் கோட்டைத் துவைத்துத் துவைத்துக் கை சிவந்த தாய்மார்களே! நரம்பே தென்படாத கையிலும் நம்பிக்கையோடு நரம்பு தேடும் நல்லவர்களே! "வெறும் வயிற்றோடு வாருங்கள்" என்று ஊருக்கெல்லாம் உபதேசித்துவிட்டு, உள்ளே போய் உளுந்தவடை கடிக்கும் வல்லவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த விளாங்குடிக்காரி நாகஜோதியின் குவிந்த கைகளின் கனிந்த வணக்கம்!

கை தட்டுகிறீர்கள். மகிழ்ச்சி. தட்டிய கையைக் கழுவிவிட்டுத்தான் நாளைக் காலையில் ஊசியைத் தொட வேண்டும். அதுவும் எழுதிவைத்திருக்கிறது.

எனக்குத் தந்த தலைப்பு, "எழுதிய செய்முறையும் ஊழியர் தகுதியும்". அடடா, தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் இரண்டு தம்பிகள் எழுந்து வாசலைப் பார்க்கிறார்கள். டீ குடிக்கவா? தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் நீங்கள் எந்த லேப் என்று எனக்குத் தெரியும், அடுத்த மாதம் நான் அங்கேதான் வருகிறேன். ஆங்... உட்கார்ந்துவிட்டார்கள். நன்றி தம்பிகளே!

என் தொழில் என்ன என்று தாய்மார்கள் சிலர் கேட்கலாம். லேப்களுக்குச் சான்றிதழ் கொடுக்கத் தணிக்கையாளர்கள் வருவார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் நான் போய், "இது சரியில்லை, அது சரியில்லை" என்று சொல்லிவிட்டு வருவேன். கூலி வாங்கிக்கொண்டு குறை சொல்கிறவள் நான். சில வீடுகளில் இதைக் கூலி இல்லாமலே செய்கிறார்கள்.

எழுதிய செய்முறை என்றால் என்ன? எஸ்.ஓ.பி. என்று மூன்றெழுத்தில் சொல்வோம். முந்நூறு பக்கத்தில் அடுக்குவோம். அலமாரியில் வைத்துப் பூட்டுவோம். சாவி யாரிடம் இருக்கும்? வேலையை விட்டுப்போன ஆளிடம் இருக்கும்! சிரிக்காதீர்கள், சிரிப்பவர்கள் எல்லாம் ஊருக்குப் போனதும் பூட்டை உடையுங்கள்.

இந்த வேலையை இப்படித்தான் செய்ய வேண்டும் என்று எழுதிவைப்பது ஒன்று. எழுதியபடி ஊழியர் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று, கண்ணால் பார்த்து, அதன் பிறகு கையெழுத்துப் போடுவது இன்னொன்று. இந்த இரண்டு மட்டும்தான் ஐயா என் பேச்சு. இதற்கு ஏன் இத்தனை பெருமூச்சு?

கப்பலூர்ப் பக்கம் ஒரு லேப். குளிர்பெட்டியைத் திறந்தேன். குப்பென்று ஒரு மணம். மருந்தின் மணமா? மாவின் மணமா? மல்லிகை மணம்! பரிசோதனைக் கிட்டுகளுக்கு நடுவே பந்து பந்தாகப் பூ. "இது யாரு பூ?" என்றேன். "சுகர் கிட்டுக்கு முன்னாடி இருக்கது என்னுது மேடம், பின்னாடி இருக்கது அந்தக்கா பூ. மாறவே மாறாது" என்றாள் அந்தப் பெண். ரத்த டியூபில் இல்லாத ஒழுங்கு பூப்பந்தில் இருக்கிறது! சரி, கதவில் தொங்கும் வெப்பநிலைத் தாளையாவது பார்ப்போம் என்று பார்த்தேன். நேற்றைய அளவு எழுதியிருந்தது. இன்றைய அளவு எழுதியிருந்தது. நாளைய அளவும் எழுதியிருந்தது! "என்னம்மா இது?" என்றால், "நாளைக்கு நான் லீவு மேடம்" என்கிறாள். என்ன பொறுப்பு, என்ன முன்யோசனை!

தலைவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். அண்ணே, அவசரப்படாதீர்கள். இது தாளிப்புத்தான். குழம்புக்கு இப்போதுதான் வருகிறேன்.

எழுமலையில் ஒரு லேப். அதன் பொறுப்பாளர் அண்ணன் விருமாண்டி. இதோ, மூன்றாவது வரிசையில் அமர்ந்து, நான் பெயரைச் சொன்னதும் செருப்பைக் குனிந்து பார்க்கிறாரே, அவரேதான். அவரிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் இதைப் பேசுகிறேன். தாய்மார்கள் பக்கம் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவருடைய அக்கா ஒச்சாயி அவர்களிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். இந்த இரண்டாவது அனுமதிதான் உயிருக்குப் பாதுகாப்பு.

அந்த லேபில் ரத்தம் எடுப்பவர் அழகுராஜா. ஒச்சாயி அக்காவின் மகன். பொறுப்பாளர் விருமாண்டிக்கு அவர் ஊழியர், அக்கா மகன். அத்தோடு நின்றதா? விருமாண்டியின் மகள் முத்துமீனாவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளையும் அவரே! பதிவு மேசையில் இருப்பவர் செல்லக்கிளி, ரத்தம் எடுக்கவும் முறையாகப் படித்தவர். அவர் ஒருவர்தான் அந்த லேபில் யாருக்கும் சொந்தமில்லாதவர்.

முதல்முறை நான் போனபோது செய்முறைக் கையேட்டைக் கேட்டேன். பெருமையோடு எடுத்து வைத்தார்கள். எழுதியது இல்லை அன்பர்களே, வாங்கியது! எங்கேயோ ஒரு கடற்கரை ஊர் லேபின் கையேட்டை ஜெராக்ஸ் எடுத்து, முதல் பக்கத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். உள்ளே ஒரு அத்தியாயம்: "கடல்நீர் உட்புகுந்தால் கருவிகளை மாடிக்குக் கொண்டு செல்ல வேண்டும்."

"அண்ணே, எழுமலைக்குக் கடல் எப்ப வரும்?"

"கண்மாய்க்கே தண்ணி வரலை மேடம். எது வந்தாலும் சந்தோசந்தான்."

"சரி, மாடி எங்க?"

"மாடி இனிமேத்தான் கட்டணும்."

அடுத்து, ஊழியர் தகுதித் தாள். "அழகுராஜா ரத்தம் எடுப்பதை நேரில் நின்று பார்த்தேன். செய்முறைப்படி செய்தார். தேறினார்." கீழே விருமாண்டியின் கையெழுத்து, முத்து முத்தாக. "எப்பண்ணே நின்னு பாத்தீங்க?" என்று கேட்டேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாக்கணுமா மேடம்? அவன் பெறந்ததுல இருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்! மடியில வச்சுக் காது குத்துனவனே நாந்தான்!"

கேட்டீர்களா? காது குத்தியதைக் கணக்கில் வைத்து, கை குத்தும் தகுதியைக் கொடுத்துவிட்டார்! தாய்மாமன் என்றால் நம் பக்கத்தில் சும்மாவா? ஊர் முனையில் இருந்து மேளத்தோடும் தாம்பாளத்தோடும் சீர் சுமந்து வருகிறவன். முகம் சிரிக்க ஆயிரம் ஃபிளெக்ஸில் நிற்கிறவன். அப்படிப்பட்டவனிடம் போய், "உன் மருமகன் வேலையைப் பக்கத்தில் நின்று சோதித்துப் பார்" என்றால் பார்ப்பானா? பார்த்தாலும் குறை தெரியுமா? தெரிந்தாலும் எழுதுவானா?

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

அன்று காலை அழகுராஜா தன் தாயாருக்குச் சுகர் பார்க்க, வீட்டிலேயே ரத்தம் எடுத்து, டியூபைக் கொண்டுவந்து ஸ்டாண்டில் வைத்தார். லேபிள் ஒட்டினாரா? இல்லை. பெற்ற தாயின் ரத்தத்துக்குப் பெயர் எதற்கு என்று ஒரு பாசம்! செல்லக்கிளி கம்ப்யூட்டரில் பதிந்து லேபிளை அச்சடித்து அனுப்பிவிட்டார்: "ஒச்சாயி, க/பெ வீரணன்". க/பெ என்றால் கணவர் பெயர். லேபிள் மேசையில் கிடக்கிறது, டியூப் ஸ்டாண்டில் நிற்கிறது.

அந்த நேரம் பக்கத்து ஊரில் இருந்து ஓர் அம்மா வந்தார். கால் சுண்டுவிரலில் ஆறாத புண். சுகர் பார்க்க வேண்டும். அவர் பெயர் என்ன? அவரும் ஒச்சாயி! அந்தப் பக்கத்தில் அம்மன் பெயர் அது. கூடத்தில் நின்று ஒச்சாயி என்று கூப்பிட்டால் பாதிப் பேர் எழுந்திருப்பார்கள், மீதிப் பேர் "எந்த ஒச்சாயி?" என்று கேட்பார்கள். அவர் நீட்டிய ரேஷன் கார்டைப் பார்த்துப் பதிந்ததில் அவருக்கும் லேபிள் வந்தது: "ஒச்சாயி, க/பெ ஜெயபாண்டி". உங்களுக்குக் குழப்பம் வேண்டாம். மாப்பிள்ளையின் தாயாரை ஒச்சாயி அக்கா என்போம். புண்ணோடு வந்தவரைப் பெரியம்மா என்போம். பார்த்தீர்களா, மேடையில் கதை சொல்வதற்கே எனக்கு இரண்டாவது அடையாளம் தேவைப்படுகிறது!

வாங்கிய கையேடாக இருந்தாலும் அதில் ஒரு வரி சரியாகத்தான் இருந்தது. "நோயாளியின் பெயரை நாம் சொல்லக் கூடாது. அவர் பெயரையும் கணவர் பெயரையும் அவர் வாயாலேயே சொல்லக் கேட்க வேண்டும். அவர் கண்முன்னாலேயே லேபிள் ஒட்ட வேண்டும்." அழகுராஜா என்ன செய்தார்? காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். போனில் யார்? கப்பலூர் கம்பெனிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும் முத்துமீனா. கை இங்கே, காது கப்பலூரில்! மேசையில் மேலாகக் கிடந்த லேபிளை எடுத்தார். பெரியம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வாசித்தார்.

"ஒச்சாயி. வீட்டுக்காரர் வீரணன். சரிதானம்மா?"

பெரியம்மா தலையை ஆட்டினார்.

ஊசி இறங்கியது, ரத்தம் ஏறியது, லேபிள் ஒட்டியாயிற்று. மிச்சம் இருந்த லேபிள், மிச்சம் இருந்த தாயாரின் டியூபில் ஏறியது. சிரிக்கிறீர்கள். இருங்கள், முழுதாகச் சிரிக்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை. வீரணன் யார் என்று நினைத்தீர்கள்? அழகுராஜாவைப் பெற்ற தகப்பனார்! தன் தகப்பன் பெயரைத் தானே வாசித்து, "அவர்தான் என் புருசன்" என்று முன்பின் தெரியாத ஓர் அம்மா தலையாட்ட, அதையும் ஏற்றுக்கொண்டு, "அடுத்த ஆள் வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார் அந்த மகராசன்!

மாலையில் ரிசல்ட் வந்தது. ஒச்சாயி அக்காவின் தாளில் சுகர் எகிறி நிற்கிறது. பாவம், அக்கா அதோடு சோற்றை விட்டார். கேப்பைக் களியைப் பிடித்தார். பாகற்காயைப் பச்சையாகக் கடித்தார். எழுமலையில் கோழி கூவும்முன் நடக்கத் தொடங்கினார். தன் மகனுக்குப் பரிசம் போட்ட அன்று, ஊரே கேசரியை வழித்துத் தின்ன, தாம்பாளத்தை எட்ட நின்று மோந்து பார்த்தார்.

என்ன அக்கா சொல்கிறீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள். "பால்பன்னையும் விட்டேன்னு சொல்லு!" ஆமாம் பெரியோர்களே, சீனிப்பாகு சொட்டும் பால்பன்னையும் விட்டார். குறித்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மாவின் தாளில் என்ன வந்தது? எல்லாம் சரி என்று வந்தது. ஏழைக் குடும்பம். காட்டு வேலைக்குப் போகிறவர். மகிழ்ச்சி தாங்கவில்லை. "எனக்குச் சுகரே இல்லையாம்" என்று மாத்திரையை நிறுத்தினார். இத்தனை நாள் விட்டிருந்த சீனியைப் போட்டு, டீ போட்டுக் குடித்தார். அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தார்.

இனிமேல் கொஞ்ச நேரம் சிரிக்காதீர்கள்.

புண் கறுத்தது. உசிலம்பட்டியில் ஒரு டாக்டர் காலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "காலு ஒண்ணு சொல்லுது, தாளு ஒண்ணு சொல்லுது. மறுபடி ரத்தம் பாத்துட்டு ஓடியாங்க" என்று அனுப்பினார். பெரியம்மா அதே லேபுக்கு நொண்டிக்கொண்டே வந்தார். அன்று அழகுராஜா விடுமுறை. செல்லக்கிளி ரத்தம் எடுக்க உட்கார்ந்தார், கையேட்டில் இருந்தபடி கேட்டார்.

"ஒங்க பேரச் சொல்லுங்கம்மா."

"ஒச்சாயி."

"வீட்டுக்காரர் பேரு?"

பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா, அப்பத்தான் ரத்தம் எடுக்க முடியும்."

"ஏத்தா, கட்டுன புருசன் பேர எவளாச்சும் சொல்லுவாளா? நீதான் தாளுல வச்சிருக்கியே, வாசி. நான் தலைய ஆட்டுறேன்."

"வேற பேர வாசிச்சிட்டா?"

"அன்னைக்கு அந்தத் தம்பி வேற யாரு பேரையோதான் வாசிச்சாரு. இல்லைன்னு சொன்னா, அப்ப ஒங்க வீட்டுக்காரர் பேரு என்னன்னு அடுத்துக் கேப்பாருல்ல? நான் எப்படிச் சொல்ல? அதான் ஆட்டிப்புட்டேன்."

செல்லக்கிளி கையில் இருந்த டியூபை அப்படியே மேசையில் வைத்துவிட்டார். பெரியம்மாவுக்கே மனம் கேட்கவில்லை. "வேணும்னா எங்கப்பன் பேரக் கேளு. தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்றேன். முத்திருளன்! முத்திருளன் மக நான்!" என்றார்.

புதிய ரிசல்ட் வந்தது. சுகர் உச்சத்தில் நின்றது. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கால் தப்பியது. சுண்டுவிரல் தப்பவில்லை.

அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. யார் மேல் கோபப்படுவது? புருசன் பெயரைச் சொல்லாத அந்தத் தாய் மேலா? அவர் தலைமுறைக்கு அதுதான் மரியாதை. போனில் பேசிய பிள்ளை மேலா? ஆமாம், அவர் மேலும்தான். ஆனால் அதற்கு முன்னால், ஒரு நாள்கூடப் பக்கத்தில் நின்று பார்க்காமல் "பார்த்தேன்" என்று போட்ட அந்தக் கையெழுத்து மேல். நமது மண்ணில், நமது பெண்களிடம், இந்தக் கேள்வி செல்லுமா என்று ஒரு நாள்கூட யோசிக்காமல் ஜெராக்ஸ் எடுத்த அந்தக் கையேட்டின் மேல்.

விருமாண்டி அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "மேடம், வாங்க. இந்தத் தடவை நான் நெசமாவே நிக்கிறேன்." போனேன். அண்ணன் மருமகன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வந்தவர்கள் பெயரை எல்லாம் அழகுராஜாவே வாசித்தார், வந்தவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். டியூப்களை வரிசையாக நிறுத்தி, ஓய்வாக உட்கார்ந்து, மொத்தமாக லேபிள் ஒட்டினார். அண்ணன் அத்தனையையும் பார்த்தார். பிறகு தகுதித் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "தேறினார்", "தேறவில்லை", இரண்டு கட்டம். பேனாவைத் திறக்கிறார். மூடுகிறார். திறக்கிறார். தேறினார் என்று போட்டால் இன்னொரு விரல். தேறவில்லை என்று போட்டால் தேறும்வரை மாப்பிள்ளை ஊசியைத் தொட முடியாது. பத்திரிகை அடிக்கப் போகும் நேரத்தில், மாமனாரே மாப்பிள்ளையைத் தள்ளிவைத்தார் என்று ஊர் பேசும். அக்கா என்ன செய்வார்?

அக்கா என்ன செய்தார் என்பதுதான் கதை! மை காய்வதற்கு முன்னால் ஊருக்குச் செய்தி போகும் என்பார்கள். இங்கே மை விழுவதற்கு முன்னாலேயே போய்விட்டது. ஒச்சாயி அக்கா, கொண்டையை அள்ளி முடிந்துகொண்டு லேபுக்குள் நுழைந்தார். காத்திருந்த கூட்டம், ரத்தம் கொடுக்க வந்ததை மறந்து, நல்ல இடமாகப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தது.

"டேய் விருமாண்டி! எம் மகன் வேலைக்கு ஆக மாட்டான்னு எழுதப் போறியாமே?"

"அக்கா, உள்ள வாக்கா, பேசுவோம்."

"என்ன பேசுறது? அவன் கைராசிக்காரன்னு எம்புட்டுப் பேரு சொல்றாக! பொண்ணு குடுக்கிறேன்னு சொன்ன வாயால ஆக மாட்டான்னு சொல்லுவ, மாப்ளைன்னு கூப்பிடுற வாயால தேறலைம்ப. எழுதிப் பாரு, நாங்க போட்ட பரிசச் சேலைய இந்த மேசையிலயே திருப்பி வாங்கிட்டுத்தான் போவேன்!"

அண்ணனுக்கு வேர்த்தது. வேறு வழி தெரியாமல் உண்மையைச் சொன்னார்.

"அக்கா, ஒனக்குச் சுகரே இல்லக்கா."

காத்திருந்த கூட்டம் இன்னும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது.

"என்னடா சொல்ற?"

"ஒனக்குச் சுகர் கெடையாது. டியூபு மாறிப்போச்சு."

அக்கா விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "அப்ப நான் தின்ன களி? கடிச்ச பாகக்கா? எம் மகன் பரிசத்துல மோந்து பாத்த கேசரி?" ஒவ்வொன்றுக்கும் குரல் ஏறியது. "அப்ப அந்தச் சுகரு எவ சுகரு?"

அண்ணன் சொன்னார். மகன் தன் அப்பன் பெயரையே வாசித்து, வீட்டுக்காரர் வீரணனா என்று கேட்டதையும், பெரியம்மா தலையாட்டியதையும் சொன்னார். ஒச்சாயி அக்கா மெல்லத் திரும்பி மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் நேரில் பார்த்தேன், இன்றும் எனக்குப் பயம்.

"ஏன்டா, எவளோ ஒருத்தி உங்கப்பன் பொண்டாட்டின்னு தலைய ஆட்டிருக்கா, நீ பஞ்ச வச்சு அமுக்கி அனுப்பிவிட்டியா?"

கூட்டத்தில் ஒருவர் சிரித்த சிரிப்பில் கையில் வைத்திருந்த சிறுநீர்க் குப்பி சிந்தியது. அழகுராஜா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் அக்கா கேட்டார், "அந்தப் பொம்பளைக்கு என்னாச்சு?"

 செல்லக்கிளிதான் சொன்னார். "சுண்டுவெரல எடுத்துட்டாக."

ஒச்சாயி அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தன் காலைப் பார்த்தார். நடந்து நடந்து வெடித்திருந்த தன் பாதத்தை, ஐந்து விரலும் இருக்கிற பாதத்தைப் பார்த்தார். பிறகு தம்பியிடம் சொன்னார்.

"தேறலைன்னு போடுறா."

"அக்கா, கல்யாணம்..."

"கல்யாணத்துக்கு வேற முகூர்த்தம் கெடைக்கும். அவளுக்கு வேற வெரல் கெடைக்குமா? போடு."

அண்ணன் போட்டார். அவர் வாழ்நாளில் நேரில் பார்த்துப் போட்ட முதல் கையெழுத்து அது.

கேளுங்கள் அன்பர்களே! தகுதித் தாள் என்பது தணிக்கையாளருக்குக் காட்டும் தாளா? இல்லை, முகம் தெரியாத ஒருத்தியின் காலுக்கு நாம் நிற்கும் காவல்! செய்முறைக் கையேடு என்பது அலமாரிக்கு அழகா? இல்லை, அவசரத்திலும் அசதியிலும் ஆசையிலும் நாம் தவறும் இடத்தில் நம் கையைப் பிடிக்கும் கை! பாசம் இருக்கட்டும், பந்தம் இருக்கட்டும், பரிசம் போட்ட உறவும் இருக்கட்டும். பார்க்காமல் பார்த்தேன் என்று எழுதாதே! உன் ஊருக்குப் பொருந்தாததைக் கையேடு என்று வைக்காதே! பிடித்தவன் என்பதால் தேறியவன் ஆக்காதே!

அன்றிலிருந்து அந்த லேபில் கையேட்டை அவர்களே உட்கார்ந்து எழுதினார்கள். கடல் வெளியேறியது. க/பெ போய் த/பெ வந்தது. இனிமேல் பெண்களிடம் தகப்பனார் பெயரைத்தான் கேட்க வேண்டும். புருசன் பெயருக்கு முந்தானையை இழுத்தவர்கள், அப்பன் பெயர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்கள். சிலர் பாட்டன் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள், நிறுத்துவதுதான் பாடாக இருந்தது. ரத்தம் எடுக்கும் அறைக்குள் போன் போகக் கூடாது என்று ஒரு வரி சேர்ந்தது. முத்துமீனா கப்பலூரில் இருந்து என்னைக் கூப்பிட்டு, "மேடம், அவரு எப்பத்தான் தேறுவாரு?" என்றாள். "நீ கூப்பிடுறத நிறுத்துனா சீக்கிரம் தேறுவாருத்தா" என்றேன்.

செல்லக்கிளி அழகுராஜாவுக்கு மறுபடி முதலில் இருந்து சொல்லிக்கொடுத்தார். அவரும் வாயைத் திறக்காமல் கற்றுக்கொண்டார். பெரியம்மா வீட்டுக்குப் போய் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மறு மதிப்பீட்டு நாள் வந்தது. நானும் போயிருந்தேன். விருமாண்டி அண்ணன் தாளும் பேனாவுமாக அருகே நின்றார். முதல் ஆளாக நாற்காலியில் வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? ஒச்சாயி அக்கா! "என் சுகர என் பேர்லயே ஒரு தடவை பாத்துக்கிறேன்" என்று கையை நீட்டினார்.

அழகுராஜா கையைக் கழுவினார். உறை மாட்டினார். தாயின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஒங்க பேரச் சொல்லுங்க."

"டேய், பெத்தவ பேரு தெரியாதா ஒனக்கு?"

"தெரியும். ஆனா நீங்கதான் சொல்லணும்."

அக்கா மகனை ஏற இறங்கப் பார்த்தார். "ஒச்சாயி."

"அப்பா பேரு?"

 கல்யாணமாகி வந்த நாளில் இருந்து அவரிடம் அதை யாரும் கேட்டதில்லை. வீரணன் பொண்டாட்டி, அழகுராஜா அம்மா, விருமாண்டி அக்கா, இப்படித்தான் ஊருக்கு அவரைத் தெரியும். முதுகை நிமிர்த்தினார். சேலையைச் சரி செய்தார்.

"சிவனாண்டி" என்றார். "சிவனாண்டி மக ஒச்சாயி."

அவருக்கு அப்பா என்றால் விருமாண்டி அண்ணனுக்கும் அப்பா. செத்துப்போன தகப்பனின் பெயர் அந்தச் சின்ன அறையில் கணீரென்று ஒலித்ததும், அந்தப் பெரிய மீசை நடுங்கியது. கண்ணில் நீர் கட்டியது. அண்ணன் அவசர அவசரமாகத் தாளைச் சுவரில் வைத்தார். "தேறிட்டான்க்கா! எம் மாப்ள தேறிட்டான்!" என்று கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

மகன் ஏற்றிய ஊசி கையில் இருக்க, உட்கார்ந்திருந்த ஒச்சாயி அக்கா, அங்கிருந்தே ஓர் அதட்டல் போட்டார்.

"டேய்! பேனாவ மூடுறா. இன்னும் லேபிள் ஒட்டல!"

ஆடாமல் அசையாமல் இவ்வளவு நேரம் காது கொடுத்த அவைக்கும், மணியை அடிக்காமல் விட்ட தலைவருக்கும், தங்கள் வீட்டுச் சங்கதியை ஊரறியச் சொல்ல விட்ட அக்காவுக்கும் தம்பிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நாளைக் காலையில் உங்கள் முன்னால் கை நீட்டி உட்காரப்போகும் முகம் தெரியாத அத்தனை பேரின் சார்பிலும் உங்களுக்கு வணக்கம்!